ஃபைல் லாக் போட்டும் ஒரே பில் நம்பர் இரண்டு முறை வருகிறது: எங்கே ஓட்டை?

#1 கணக்கன்23

உபுண்டு சர்வர், பைத்தான் 3. கடைசி பில் நம்பர் ஒரு சின்ன டெக்ஸ்ட் ஃபைலில் இருக்கிறது. வெப் ஆப்புக்கு நான்கு வொர்க்கர் ப்ராசஸ், அது போக 5 நிமிடத்துக்கு ஒரு முறை க்ரானில் (குறித்த நேரத்தில் வேலைகளை ஓட்டும் சேவை) ஓடும் ஸ்கிரிப்ட் ஒன்று. ஐந்துமே அதே ஃபைலைப் படித்து, ஒன்று கூட்டி, திரும்ப எழுதும்.

இப்போதுள்ள லாக் இப்படி: லாக் ஃபைல் இருக்கிறதா என்று பார்க்கும், இருந்தால் ஒரு விநாடி காத்திருக்கும், இல்லையென்றால் உருவாக்கி வேலையைச் செய்யும், முடிந்ததும் அழித்துவிடும். மூன்று பிரச்சினை:

ஒரே நம்பர் இரண்டு பில்லில் வருகிறது. ப்ராசஸ் நடுவில் செத்தால் லாக் ஃபைல் அப்படியே கிடந்து எல்லாம் நின்றுவிடுகிறது. அபூர்வமாக நம்பர் ஃபைலே காலியாக இருக்கிறது.

டேட்டாபேஸுக்கு மாறு என்று சொல்வீர்கள், தெரியும். அதற்கு முன் இதைச் சரிசெய்ய வேண்டும்.

#2 ஐநோடு_வேட்டை

மூன்றுக்கும் காரணம் வேறு வேறு.

முதலாவது: "இருக்கிறதா" என்று பார்ப்பதும் "உருவாக்கு" என்பதும் இரண்டு தனித்தனி சிஸ்டம் கால். நடுவில் இன்னொரு ப்ராசஸ் நுழைய இடம் இருக்கிறது. இரண்டு பேரும் "இல்லை" என்று பார்த்துவிட்டு இரண்டு பேரும் உருவாக்குவார்கள். லோடு கூடக் கூட இது அடிக்கடி நடக்கும்.

இரண்டாவது: லாக் என்பது வெறும் ஒரு ஃபைல் இருப்பதுதான் என்றால், அதை அழிக்க வேண்டியவன் செத்துவிட்டால் அழிக்க ஆளில்லை. இதையே கெர்னலிடம் கேட்டு வாங்கும் லாக்காக வைத்தால் (ஃப்ளாக், flock, என்ற சிஸ்டம் கால் மாதிரி), ப்ராசஸ் எப்படிச் செத்தாலும், கில் மைனஸ் 9 அடித்தாலும், அது திறந்து வைத்திருந்ததைக் கெர்னல் மூடும்போது லாக்கும் போய்விடும்.

மூன்றாவது: நீங்கள் ஃபைலை 'டபிள்யூ' மோடில் திறக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். திறந்த கணமே அது 0 பைட். எழுதி முடிப்பதற்குள் ப்ராசஸ் போனால் காலி ஃபைல்தான் மிஞ்சும்.

செய்ய வேண்டியது:

நம்பர் ஃபைலுக்குப் பக்கத்தில் லாக்குக்கு மட்டும் ஒரு தனி ஃபைல். அதில் எதையும் எழுத வேண்டாம். எப்போதும் அழிக்க வேண்டாம். அதை 'ஏ' மோடில் திறந்து எக்ஸ்க்ளூசிவ் லாக் வாங்குங்கள். லாக் கிடைத்த பிறகுதான் நம்பர் ஃபைலைத் திறந்து படிக்க வேண்டும். கூட்டிய நம்பரை அதே டைரக்டரியில் ஒரு தற்காலிக ஃபைலில் எழுதி, ஃப்ளஷ் (பஃபரில் உள்ளதைக் கெர்னலுக்குத் தள்ளுவது), எஃப்சிங்க் (டிஸ்கிலேயே இறக்குவது), பிறகு ரீநேம் செய்து பழையதன் மேல் போடுங்கள். கடைசியாக லாக் ஃபைலை மூடுங்கள்.

லாக்கைத் தனி ஃபைலில் வைக்கச் சொல்வதற்குக் காரணம் ரீநேம். ரீநேம் ஆனதும் அந்தப் பெயருக்குப் பின்னால் இருப்பது வேறு ஐநோடு (ஃபைல் சிஸ்டத்துக்குள் ஒரு ஃபைலைக் குறிக்கும் பதிவு; பெயர் அதைச் சுட்டுவது மட்டுமே). லாக் ஒட்டிக்கொண்டிருப்பது ஐநோடில், பெயரில் இல்லை. நம்பர் ஃபைலிலேயே லாக் போட்டிருந்தால், காத்திருந்தவனுக்குப் பழைய, செத்த ஐநோடின் லாக் கிடைக்கும். புதிதாக வந்தவனுக்குப் புது ஐநோடின் லாக் கிடைக்கும். இருவருமே உள்ளே.

#3 பழைய_ஷெல்

இவ்வளவு தேவையா? ஓப்பன் காலுக்கு "உருவாக்கு, ஏற்கெனவே இருந்தால் தோல்வி" என்ற இரண்டு கொடியையும் சேர்த்துக் கொடுத்தால் (கிரியேட் + எக்ஸ்க்ளூசிவ், பைத்தானில் 'எக்ஸ்' மோடு) பார்ப்பதும் உருவாக்குவதும் ஒரே அடியில் நடந்துவிடும். ஷெல்லில் எம்கேடிஐஆர் போதும், அதுவும் அப்படித்தான். உள்ளே பிஐடியை (ப்ராசஸின் அடையாள எண்) எழுதி வை. அடுத்தவன் வந்து பிஐடியைப் படித்து, கில் காலில் சிக்னல் 0 அனுப்பி ஆள் உயிரோடு இருக்கானா என்று பார்க்கட்டும். இல்லையென்றால் லாக் ஃபைலை அழித்துவிட்டுத் தன்னுடையதைப் போடட்டும்.

#4 ஐநோடு_வேட்டை

முதல் பாதி சரி. உருவாக்கும் பகுதி பத்திரம்தான். பிஐடி பார்த்து அழிக்கும் இடத்தில்தான் ஓட்டை.

'அ' வந்து பார்க்கிறான், பிஐடி செத்தது. 'ஆ' வந்து பார்க்கிறான், அவனுக்கும் அதே பதில். 'அ' அழித்துவிட்டுத் தன் லாக்கை உருவாக்குகிறான். இப்போது 'ஆ' தன் அழிக்கும் வரிக்கு வருகிறான். அழிப்பது 'அ' இப்போதுதான் போட்ட புது லாக்கை. பிறகு தன்னுடையதை உருவாக்குகிறான். நாம் விட்ட இடத்துக்கே திரும்பி வந்துவிட்டோம்.

இது போக:

சிக்னல் 0 அனுப்பும்போது "அனுமதி இல்லை" என்று பதில் வந்தால் ஆள் உயிரோடு இருக்கிறான், வேறு யூசர் என்று பொருள். நிறைய கோடில் எந்தப் பிழை வந்தாலும் "செத்துட்டான்" என்று எடுத்துக்கொள்வார்கள். க்ரான் ரூட்டாக ஓடி, வெப் வேறு யூசரில் ஓடினால் இது கட்டாயம் கடிக்கும்.

பிஐடி திரும்பவும் வரும். வழக்கமான உச்சவரம்பு 32768. இப்போதைய 64 பிட் சிஸ்டங்களில் சிஸ்டம்டி (லினக்ஸின் சேவை நிர்வாகி) அதை 41,94,304க்கு உயர்த்துகிறது, ஆனாலும் ரீபூட்டுக்குப் பிறகு சின்ன எண்களிலிருந்துதான் தொடங்கும். பழைய லாக் ஃபைலில் 812 என்று இருந்து, இன்றைக்கு 812 வேறு ஏதோ டெமன் என்றால், நீங்கள் காலத்துக்கும் காத்திருப்பீர்கள்.

டாக்கர் உள்ளே ஒவ்வொரு கன்டெய்னருக்கும் தனி பிஐடி வரிசை. இரண்டு கன்டெய்னரிலும் உங்கள் ஆப் பிஐடி 1 ஆக இருக்கலாம். ஒப்பிடுவதில் அர்த்தமே இல்லை.

பிஐடியை எழுதி வையுங்கள், மனிதர் படிக்க உதவும். முடிவெடுக்க மட்டும் அதை நம்பாதீர்கள்.

#5 கணக்கன்23

சரி, ஃப்ளாக்குக்கு மாறுகிறேன். ஒரு சந்தேகம்: வேலை முடிந்ததும் லாக் ஃபைலை ஏன் அழிக்கக் கூடாது? டைரக்டரியில் காலி ஃபைல் கிடப்பது அசிங்கமாக இருக்கிறதே.

#6 பூட்டுச்சாவி

அசிங்கம்தான், கிடக்கட்டும். 0 பைட் ஃபைல் யாரையும் கடிக்காது. அழித்தால் கடிக்கும். மெதுவாகப் பாருங்க:

'அ' லாக் ஃபைலைத் திறந்து லாக் வாங்கிட்டான். ஐநோடு 501னு வெச்சுக்குவோம்.
'ஆ' அதே பெயரைத் திறக்கிறான், கிடைப்பது 501. லாக்குக்குக் காத்திருக்கிறான்.
'அ' வேலையை முடிச்சு ஃபைலை அழிக்கிறான். பெயர் போச்சு, 'ஆ' திறந்து வெச்சிருக்கிறதால 501 உயிரோட இருக்கு. 'அ' லாக்கை விடுறான்.
'ஆ'வுக்கு 501 மேல லாக் கிடைக்குது. உள்ளே போறான்.
'இ' வர்றான். அந்தப் பெயரில் ஃபைல் இல்லை, புதுசா உருவாக்குறான், ஐநோடு 502. லாக் கேட்டதும் உடனே கிடைக்குது. அவனும் உள்ளே.

ரெண்டு பேரும் முறைப்படி லாக் வாங்கினவங்கதான். எர்ரர் எதுவும் வராது, பதிவுக் கோப்பில் ஒரு தடயமும் இருக்காது.

அழிச்சே ஆகணும்னா: லாக் கிடைச்ச பிறகு, கையில இருக்கிற டிஸ்க்ரிப்டர்ல (திறந்த ஃபைலுக்குக் கெர்னல் தர்ற எண்) எஃப்ஸ்டாட் எடுங்க, பெயரை வெச்சு ஸ்டாட் எடுங்க; ரெண்டும் ஃபைலோட விவரம் தர்ற கால். டிவைஸ் நம்பரும் ஐநோடு நம்பரும் ரெண்டிலும் ஒண்ணா இருந்தா மேலே போகலாம். வித்தியாசப்பட்டாலோ, அந்தப் பெயரே இல்லைன்னு வந்தாலோ, மூடிட்டு முதல்லேர்ந்து. அழிக்கிறவனும் லாக்கைக் கையில வெச்சுக்கிட்டேதான் அழிக்கணும், விட்டுட்டு அழிக்கக் கூடாது. அந்த ஃபைலைத் தொடுற எல்லா ப்ரோக்ராமும் இந்தச் சோதனையைச் செய்யணும், ஒண்ணு தப்பினாலும் போச்சு.

நீங்க அழிக்காம விட்டாலும் வேற யாராவது அழிப்பாங்க என்பதையும் சொல்லிடறேன். லாக் ஃபைலை டிஎம்பி டைரக்டரியில வைக்காதீங்க. பல டிஸ்ட்ரோவில் அங்கே 10 நாளுக்கு மேல தொடாத ஃபைலை சிஸ்டம்டி தானாகவே துடைக்கும். இன்னொரு விநோதமும் உண்டு: கெர்னல் 4.19லேர்ந்து ஒரு பாதுகாப்பு இருக்கு. எல்லாரும் எழுதக்கூடிய ஸ்டிக்கி டைரக்டரியில (டிஎம்பி மாதிரி, அடுத்தவன் ஃபைலை அழிக்க விடாதது), அடுத்தவன் உருவாக்கின ஃபைலை "இல்லைன்னா உருவாக்கு" கொடியோட திறந்தா மறுத்துடும், ரூட்டா இருந்தாலும் சரி. க்ரான் ரூட்டா ஓடி "பெர்மிஷன் டினைட்"னு அழுதா, காரணம் இதுவா இருக்கலாம்.

#7 பழைய_ஷெல்

ஏற்றுக்கொள்கிறேன், #4இல் சொன்ன ஓட்டை என் வழியில் இருக்கிறது.

க்ரான் பக்கத்துக்கு ஷெல்லிலேயே முடிக்கலாம். யூட்டில்-லினக்ஸில் ஃப்ளாக் என்றே ஒரு கமாண்டு வருகிறது. க்ரான்டேப் வரியில் உங்கள் கமாண்டுக்கு முன்னால் ஃப்ளாக், மைனஸ் என், லாக் ஃபைலின் பாதை, இவ்வளவுதான். லாக் கிடைக்காவிட்டால் காத்திருக்காமல் 1 என்ற எக்ஸிட் கோடோடு வெளியேறும். காத்திருக்க வேண்டுமென்றால் மைனஸ் டபிள்யூ 10, அதாவது 10 விநாடி. உங்கள் ஸ்கிரிப்டும் 1 என்று திருப்பக்கூடும் என்றால் குழப்பம் வரும். மைனஸ் பெரிய 'ஈ' போட்டு 75 மாதிரி வேறு எண் கொடுத்துவிடுங்கள்.

ஸ்கிரிப்டுக்குள்ளேயே எழுதுவதாக இருந்தால் எக்ஸெக் 9>> போட்டு லாக் ஃபைலைத் திறந்து, ஃப்ளாக்கை 9ஆம் டிஸ்க்ரிப்டரில் கேளுங்கள். ஒற்றை > போட்டால் லாக் கேட்பதற்கு முன்பே ஃபைல் காலியாகிவிடும். வெறும் லாக் ஃபைலுக்குப் பரவாயில்லை, ஆனால் யாராவது நாளைக்கு டேட்டா ஃபைலின் பெயரை அங்கே போட்டால் தீர்ந்தது.

ஒன்று மறக்கக் கூடாது: அந்த ஸ்கிரிப்ட் பின்னணியில் எதையாவது கிளப்பிவிட்டால், அது 9ஐயும் சேர்த்துச் சுமந்துகொண்டு போகும். ஸ்கிரிப்ட் முடிந்த பிறகும் லாக் விடாது. பின்னணிக்கு அனுப்பும் வரியின் கடைசியில் 9>&- போட்டு மூடிவிடுங்கள்.

#8 கணக்கன்23

பைத்தானில் ஃப்ளாக் இருக்கும் எஃப்சிஎன்டிஎல் (fcntl) மாட்யூலைத் திறந்தால் ஃப்ளாக், லாக்எஃப் என்று இரண்டு இருக்கிறது. எது?

#9 ஐநோடு_வேட்டை

ஃப்ளாக். காரணம் கொஞ்சம் நீளம், ஆனால் தெரிந்திருக்க வேண்டியது.

ஃப்ளாக் 4.2 பிஎஸ்டியில் வந்தது, 1983. ஓப்பன் செய்யும்போது கெர்னல் உள்ளே உருவாகும் "ஓப்பன் ஃபைல் டிஸ்க்ரிப்ஷன்" மேல் அந்த லாக் உட்காரும். முழு ஃபைலுக்கும் ஒரே லாக்.

லாக்எஃப் என்று பைத்தான் சொல்வது போசிக்ஸ் லாக். அது பைட் எல்லைகளுக்குப் பூட்டும்: 100 முதல் 199 வரை எனக்கு, 200 முதல் உனக்கு. ஒருவரை ஒருவர் பார்த்துக் காத்திருந்தால் டெட்லாக் என்று கண்டுபிடித்துப் பிழை தரும். நல்லதுதான். ஆனால் உரிமையாளர் ப்ராசஸ். அதில்தான் வினை.

ஒரே ப்ராசஸ் அந்த ஃபைலை இரண்டு தடவை திறந்து, இரண்டில் எதை மூடினாலும், அந்த ஃபைலில் அந்த ப்ராசஸ் வாங்கிய எல்லா லாக்கும் போய்விடும். நீங்கள் லாக் வைத்துக்கொண்டு ஒரு லைப்ரரியைக் கூப்பிடுகிறீர்கள். அது அளவு பார்க்கவோ பேக்கப் எடுக்கவோ அதே ஃபைலைத் திறந்து மூடுகிறது. உங்கள் லாக் சத்தமில்லாமல் போய்விட்டது. எஸ்க்யூலைட் (ஒரே ஃபைலில் இருக்கும் டேட்டாபேஸ்) இதைச் சமாளிக்கவே ஒரே ஐநோடுக்கான டிஸ்க்ரிப்டர்களைக் கணக்கு வைத்துக்கொண்டு, லாக் இருக்கும்வரை மூடுவதைத் தள்ளிப்போடுகிறது. ஓடிக்கொண்டிருக்கும் ஆப்புக்குள்ளிருந்து டேட்டாபேஸ் ஃபைலைச் சாதாரண ஓப்பனில் திறந்து காப்பி எடுக்காதே என்பதும் இதனால்தான்.

அதோடு, ஒரே ப்ராசஸின் இரண்டு த்ரெட்டுக்கு நடுவே போசிக்ஸ் லாக் தடையே ஆகாது. ஃபோர்க் செய்தால் (ப்ராசஸ் தன்னையே பிரதி எடுத்துப் பிள்ளை ப்ராசஸை உருவாக்கினால்) பிள்ளைக்குப் போகாது.

இரண்டுக்கும் நடுவில் ஓஎஃப்டி (ஓப்பன் ஃபைல் டிஸ்க்ரிப்ஷன்) லாக் என்று ஒன்று, லினக்ஸ் 3.15லிருந்து (2014). பைட் எல்லை வசதியும் உண்டு, உரிமை டிஸ்க்ரிப்ஷனுக்கு. டெட்லாக் கண்டுபிடிப்பு மட்டும் கிடையாது. உங்களுக்கு இது வேண்டாம்.

எல்லாமே அட்வைசரி என்பதை மறக்காதீர்கள். லாக் கேட்காமல் நேராக எழுதுபவனை எதுவும் தடுக்காது. லினக்ஸில் இருந்த மேண்டேட்டரி லாக்கிங்கை 5.15இல் தூக்கியே விட்டார்கள்.

#10 பூட்டுச்சாவி

பஃபர் பத்தி யாரும் சொல்லலை. எழுதிட்டு ஃப்ளஷ் பண்ணாம லாக்கை விட்டா, எழுதினது இன்னும் உங்க ப்ராசஸ் மெமரியிலதான் இருக்கும். அடுத்தவன் பழைய நம்பரைப் படிப்பான். லாக்கைத் தனியா "அன்லாக்"னு விடாதீங்க. எழுதின ஃபைலை முதல்ல மூடுங்க, அப்புறம் லாக் ஃபைலை மூடுங்க. அது போதும்.

லாக்குக்கு முன்னாடியே படிச்சு வெச்சதும் இதே கதைதான்.

பிஹெச்பி ஆட்களுக்கு ஒரு வரி: எழுதும்போது லாக் கொடி போட்டு முழு ஃபைலையும் ஒரே ஃபங்ஷன்ல எழுதுவீங்க, சரி. படிக்கிற பக்கம் லாக் கேட்காத ஃபங்ஷனா இருந்தா, காலி பண்ணி எழுதறதுக்கு நடுவில படிச்சுட்டுக் காலி சரத்தோட திரும்பும். ரீநேம் வழியில் இந்தத் தொல்லை இல்லை, படிக்கிறவனுக்கு முழுப் பழசு, இல்லைன்னா முழுப் புதுசு.

#11 வலைப்பின்னல்

நம்பர் ஃபைல் என்எஃப்எஸ் (நெட்வொர்க் வழியே இன்னொரு சர்வரின் டிஸ்கைப் பயன்படுத்தும் முறை) மவுண்டில் இல்லையே? இருந்தால் சில வித்தியாசங்கள். லினக்ஸ் 2.6.12க்கு முன் என்எஃப்எஸ் மேல் ஃப்ளாக் அந்த மெஷினுக்குள் மட்டும்தான். அதற்குப் பிறகு கெர்னல் அதை முழு ஃபைலுக்கான போசிக்ஸ் லாக்காக மாற்றி சர்வருக்கு அனுப்புகிறது. அதனால் எக்ஸ்க்ளூசிவ் லாக் வாங்க ஃபைலை எழுதும் மோடில் திறந்திருக்க வேண்டும். லோக்கல் டிஸ்கில் படிக்கத் திறந்தாலே போதும். இந்த ஒரு வித்தியாசத்தால் லோக்கலில் ஓடிய கோடு என்எஃப்எஸ்ஸில் "தவறான டிஸ்க்ரிப்டர்" பிழையோடு விழும்.

இன்னொன்று, என்எஃப்எஸ் 4இல் லாக் என்பது குத்தகை மாதிரி. லினக்ஸ் சர்வரில் இயல்பாக 90 விநாடி. நெட்வொர்க் அதற்கு மேல் அறுந்தால் சர்வர் உங்கள் லாக்கை வேறொருவருக்குக் கொடுக்கலாம், நீங்கள் இன்னும் கையில் இருப்பதாக நினைத்துக்கொண்டிருப்பீர்கள். பணம் சம்பந்தப்பட்டதை இதில் வைக்காதீர்கள்.

ஒரே ஹோஸ்டில் பல டாக்கர் கன்டெய்னர், ஒரே டைரக்டரியை பைண்ட் மவுண்ட் என்றால் கவலையில்லை. ஒரே கெர்னல், ஒரே ஐநோடு.

#12 கணக்கன்23

லோக்கல் டிஸ்க்தான், எக்ஸ்டி4. எல்லாம் மாற்றிவிட்டேன். க்ரானுக்கும் வெப்புக்கும் இடையே மோதல் நின்றுவிட்டது. ஆனால் வெப் வொர்க்கர்களுக்குள்ளேயே இன்னும் நம்பர் இரட்டிக்கிறது! லாக் ஃபைலை ஆப் தொடங்கும்போது ஒரு தடவை திறந்து குளோபல் வேரியபிளில் வைத்திருக்கிறேன், ஒவ்வொரு ரிக்வெஸ்டுக்கும் அதில் ஃப்ளாக் கேட்கிறேன். ஆப் சர்வரில் ப்ரீலோடு ஆன்.

#13 ஐநோடு_வேட்டை

கிடைத்தது ஓட்டை. ப்ரீலோடு என்றால் தாய் ப்ராசஸ் ஆப்பை ஏற்றிவிட்டுப் பிறகு நான்காக ஃபோர்க் ஆகிறது. ஃபைல் திறந்தது ஃபோர்க்குக்கு முன். நான்கு பேர் கையிலும் இருப்பது ஒரே ஓப்பன் ஃபைல் டிஸ்க்ரிப்ஷன். #9இல் சொன்னபடி லாக்கின் உரிமையாளர் அதுதான். முதல் வொர்க்கர் வாங்கியதும், இரண்டாவது கேட்டால் கெர்னல் பதில்: "இது ஏற்கெனவே உன்னுடையதுதானே". காத்திருக்காது. அதைவிட மோசம், யாராவது ஒருவர் அன்லாக் செய்தால் நான்கு பேருக்கும் போய்விடும்.

க்ரான் தனியாகத் திறந்ததால் அதனோடு மட்டும் மோதல் நின்றது. அறிகுறி அச்சாகப் பொருந்துகிறது.

ஒவ்வொரு முறையும் ஃபங்ஷனுக்குள்ளேயே திறந்து, லாக் வாங்கி, வேலை முடிந்ததும் மூடுங்கள். பைத்தான் 3.4லிருந்து டிஸ்க்ரிப்டர்கள் எக்ஸெக் (ப்ராசஸில் வேறு ப்ரோக்ராமை ஏற்றும் கால்) தாண்டிப் போகாது என்பதால் தப்பினோம் என்று நினைக்க வேண்டாம். அது எக்ஸெக்குக்கு மட்டும். வெறும் ஃபோர்க்குக்கு (மல்டிப்ராசஸிங்கின் ஃபோர்க் முறையும் சேர்த்து) அந்தத் தடை இல்லை. தனித்தனியாகத் திறந்தால் ஒரே ப்ராசஸின் இரு த்ரெட்டுக்கு நடுவிலும் ஃப்ளாக் வேலை செய்யும், கூடுதல் லாபம்.

யார் பிடித்திருக்கிறார்கள் என்று பார்க்க எல்எஸ்லாக்ஸ் கமாண்டு. அதில் வரும் பிஐடி லாக்கைக் கேட்டவனுடையது. அவன் செத்துப் போய், பிள்ளை டிஸ்க்ரிப்டரைப் பிடித்திருந்தால் இல்லாத பிஐடி தெரியும். அப்போது லாக் ஃபைல் மேல் ஃப்யூசர் அடித்துப் பாருங்கள், திறந்து வைத்திருக்கும் எல்லாரும் வருவார்கள்.

#14 தேன்சிட்டு

விண்டோஸில் இதே கோடு ஓடுமா?

#15 பூட்டுச்சாவி

ஓடாது, அந்த மாட்யூலே அங்கே இல்லை. விண்டோஸ் லாக் அட்வைசரி இல்லை, நிஜமாவே தடுக்கும்: பூட்டின பைட்டை இன்னொருத்தர் படிக்கவோ எழுதவோ போனா பிழை 33. பகிர மாட்டேன்னு திறந்த ஃபைலை இன்னொருத்தர் திறக்கப் போனா பிழை 32. பைத்தானோட எம்எஸ்விசிஆர்டி லாக்கிங் விநாடிக்கு ஒண்ணா 10 முறை முயன்றுட்டுப் பிழையைத் தூக்கி எறியும், அதுக்கு மேல காத்திருக்காது. படிக்கிறவன் ஃபைலைத் திறந்து வெச்சிருந்தா ரீநேமும் தோற்கலாம். ரெண்டு சிஸ்டத்துக்கும் வேணும்னா தனித்தனியா எழுதுங்க.

#16 கணக்கன்23

ஃபங்ஷனுக்குள் திறப்பதாக மாற்றினேன். 50 ப்ராசஸ், ஒவ்வொன்றும் 1000 முறை. ஐநோடு_வேட்டை தனிச்செய்தியில் சொன்னபடி படிப்பதற்கும் எழுதுவதற்கும் நடுவில் ஒரு மில்லி விநாடி தூக்கம் வைத்தேன். முடிவில் சரியாக 50,000. லாக் வரியை எடுத்துவிட்டு ஓட்டினால் அதன் பக்கத்தில்கூட வரவில்லை. இன்னொரு ஓட்டத்தின் நடுவே இரண்டு ப்ராசஸைக் கில் மைனஸ் 9 அடித்தேன், மற்றவை நிற்கவில்லை.

இரண்டு கேள்வி மிச்சம். எஃப்சிங்க் போட்டதும் வேகம் நன்றாகவே இறங்கிவிட்டது, எடுக்கலாமா? நம்பர் ஃபைலின் உரிமையாளர் சில நேரம் ரூட் ஆகிவிடுகிறது, ஏன்?

#17 ஐநோடு_வேட்டை

உரிமையாளர் மாறுவது ரீநேமால். க்ரான் ரூட்டாக உருவாக்கிய தற்காலிக ஃபைல்தான் இப்போது நம்பர் ஃபைல். க்ரானையும் வெப் யூசரிலேயே ஓட்டுங்கள், அதுதான் சுத்தம். டெம்ப்ஃபைல் மாட்யூல் 0600 அனுமதியோடு உருவாக்கும் என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

எஃப்சிங்க்: லாக் ப்ராசஸ்களுக்கு நடுவிலான ஒழுங்குக்கு, எஃப்சிங்க் மின்வெட்டுக்கு. எடுத்தாலும் நம்பர் இரட்டிக்காது, கரண்ட் போகாதவரை. போனால் ஃபைல் பழைய நம்பருக்குத் திரும்பி, ஏற்கெனவே கொடுத்த பில் நம்பர் மறுபடி வரும். ஜிஎஸ்டி விதிப்படி இன்வாய்ஸ் நம்பர் தொடர்ச்சியாகவும் அந்த நிதியாண்டுக்குள் தனித்ததாகவும் இருக்க வேண்டும், 16 எழுத்துக்குள். ஆகவே எடுக்காதீர்கள். ரீநேமுக்குப் பிறகு டைரக்டரிக்கும் ஒரு எஃப்சிங்க் போடுங்கள், பெயர் மாற்றம் டிஸ்கில் இறங்க அதுதான் வழி.

வேகத்துக்கு: லாக்கைப் பிடித்துக்கொண்டு பிடிஎஃப் செய்வது, மெயில் அனுப்புவது எல்லாம் இருந்தால் வெளியே எடுங்கள். ஆனால் பில் பதிவை எழுதுவது உள்ளேயே இருக்கட்டும். நம்பர் கூடிய பிறகு, பில் எழுதுவதற்குள் ப்ராசஸ் செத்தால் வரிசையில் ஓட்டை விழும். தொடங்கும்போது கடைசி பில்லையும் நம்பர் ஃபைலையும் ஒப்பிட்டுப் பார்க்கும் நாலு வரி எழுதி வையுங்கள்.

#18 பழைய_ஷெல்

காத்திருப்புக்கு ஒரு வரம்பும் வையுங்கள். அலாரம் சிக்னல் வைத்து ஃப்ளாக்கை உடைப்பதைவிட, காத்திருக்காத மோடில் கேட்டு, கிடைக்காவிட்டால் 20 முதல் 80 மில்லி விநாடிக்குள் ஏதோ ஒரு நேரம் தூங்கி மறுபடி கேட்பது எளிது. மொத்தம் 5 விநாடி தாண்டினால் யூசருக்குப் பிழை காட்டுங்கள். "காத்திருக்க வேண்டியிருக்கும்" என்ற பிழைக்கு மட்டும்தான் மறுமுயற்சி. மற்ற பிழையை விழுங்கி லூப்பில் சுற்றினால் பெர்மிஷன் கோளாறுகூட "லாக் பிஸி" மாதிரிதான் தெரியும்.